புதன்கிழமை இடம்

காலை ஏழரைக்குச் சங்கரம்மாள் அக்காவின் போன் வந்துவிடும். ஒரு நாள் தவறியதில்லை. நான் குசினியில் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீர்ச் செம்புமாக நிற்பேன். "ஏளா விசிலா, போட்டுட்டியா?" என்பாள். விஜிலா என்ற என் பெயரை அவள் வாய் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "நீங்க மொதல்ல போடுங்க" என்பேன். "நான் எப்பமோ முழுங்கியாச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். எனக்கு வலது மாரில் கட்டி, அவளுக்கு இடது மாரில். ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அவளுக்கு என்னைவிட ஆறு வயது கூட, ஐம்பத்தெட்டு.

வெள்ளம்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. டிசம்பரில் இருவருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமையே வார்டில் சேர்த்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அன்று பிடித்த மழை விடவே இல்லை. திங்கள் காலை கண்ணைத் திறந்தால் கட்டிலுக்கடியில் செருப்புகள் மிதக்கின்றன. கீழ்த்தளத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் இடுப்பளவு தண்ணீர், மெஷின்கள் எல்லாம் அதற்குள். நடக்க முடிந்தவர்கள் கையில் கேஸ் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போங்கள் என்றுவிட்டார்கள். எனக்கு ஊருக்குள்ளேயே மாடி வீடு. அவளுக்கு ஏரலுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம், போக ரோடே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஆறு நாள் எங்களோடு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் வீரபாகு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் இருக்கிறார் என்று நான்காம் நாள்தான் தகவல் வந்தது. அதுவரை அவள் அழவில்லை. இரண்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டிருப்பாரா மாட்டாரா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவுத்து விட்டிருப்பாருக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவிழ்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

தியேட்டர் எப்போது சரியாகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேறு ஊருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் அங்கேயும் வரிசை. ஜனவரியில் டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கினார். "உங்க ரெண்டு பேருக்கும் இது ஹார்மோனைத் தின்னு வளர்ற கட்டி. இந்த மாத்திரை அந்தத் தீனியை நிறுத்தும். ஆபரேஷன் வரைக்கும் அது தூங்கட்டும்" என்றார். அந்தத் தூங்கட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தூங்குவது ஒரு நேரம் எழுந்திருக்கும்தானே. மூன்றாவது வாரத்தில் காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. நின்ற இடத்தில் உள்ளங்காலிலிருந்து ஒரு அனல் ஏறி, கழுத்து வேர்த்து, ரவிக்கை நனைந்து, பிறகு குளிரும். போனில் சொன்னால் அக்கா, "எனக்கும் அதேதான், அடுப்ப முழுங்குன மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு அன்றைய நாள் ஓடிவிடும்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற வழியில் கப்பல் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். பெயருக்குப் பேப்பர் வேலை. உண்மையில் என் வேலை சரக்குக்காரப் பார்ட்டிகளைச் சமாதானப்படுத்துவது. கன்டெய்னர் எங்கே என்று மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கத்துவார்கள். "வண்டி கேட்டைத் தாண்டிட்டு அண்ணாச்சி" என்பேன். வண்டி அப்போது எண்பது லாரிக்குப் பின்னால் நிற்கும், டிரைவர் கீழே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். எங்கள் முதலாளி நேசக்குமாருக்கு இதில் ஏக பெருமை. "விஜிலா பேசினா பார்ட்டி குளுந்துருவான்" என்பார். இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. வண்டி எப்படியும் கேட்டைத் தாண்டத்தான் போகிறது. நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அக்காவின் குரலே வேறாக இருந்தது. "ஏளா, நெல்லிக்கா கணக்கா இருந்துச்சுல்லா, இப்பம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கு. எங்க வீட்டு அவியளயுந் தடவிப் பாக்கச் சொன்னேன். நெசந்தான்னுட்டாவ." வெட்கத்தோடு சிரித்தாள். என் வலது கை தானாக ரவிக்கைக்குள் போனது. அது அங்கேயே இருந்தது, பிறந்ததிலிருந்து அங்கே இருப்பதுபோல. எனக்குப் பொறாமை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சுத்தமான பொறாமை. ஒரே மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்கினோமே, உனக்கு மட்டும் எப்படி என்று இருந்தது. வாய் திறந்தபோது வந்தது வேறு. "எனக்கும்தான்க்கா. போன வாரமே கரைய ஆரம்பிச்சிட்டு. சொல்லணும்னு நெனச்சேன்." அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. மாடுகள் செத்ததற்குக்கூட என் எதிரில் அழாதவள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என்னுடையதும் கரைந்தது. அவளுடையது பட்டாணியானால் என்னுடையது மிளகானது. அந்த ஐந்து நிமிஷம் எனக்கும் அது உண்மைபோலத்தான் இருந்தது. போனை வைத்ததும் தொட்டுப் பார்ப்பேன். மாதாவே, இன்னொரு நாள் என்று கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி எதையும் கேட்கிற ஆள் இல்லை. என் விரல் மடங்காத காலைகளில் சத்தமில்லாமல் தேங்காய் துருவி வைத்துவிட்டுப் போவார்.

மார்ச் முதல் வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு மயிரிழைகூடக் குறையவில்லை. "வளராம நிக்குது. ஆனா ரொம்ப நாள் இப்படியே விட முடியாது" என்று டாக்டரம்மா பேனாவை மேசையில் தட்டினார். தியேட்டர் திறந்துவிட்டது, ஆனால் டிசம்பரிலிருந்து காத்திருப்பவர்கள் எல்லாரும் வரிசையில் இருந்தார்கள். எனக்கு ஏப்ரல் கடைசி என்றார். எழுந்திருக்கும்போது கேட்டேன், ஒருவருக்குக் கைக்கே தட்டுப்படாமல் கரைந்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம்தானே என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். "கைக்குத் தெரியாதும்மா, உள்ள இருக்கும். கரைஞ்சவங்களுக்கும் எடுத்தே ஆகணும். விட்டா மாத்திரைக்குப் பழகிட்டு மறுபடி எழும்பும். அப்போ எங்கே எழும்பும்னு சொல்ல முடியாது."

மறுநாள் காலை இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "எனக்கு இருவத்தேழாந்தேதி புதன்கிழமைன்னு நாள் குடுத்திருக்காவ. எங்க வீட்டுல இவிய வேண்டாங்காவ. எனக்கும் எதுக்குன்னுதான் இருக்கு." நான், "டாக்டரம்மா என்ன சொன்னாவ?" என்று கேட்டேன். "எடுக்கணும்னுதான் சொல்லுதாவ. அவிய அப்பிடித்தான் சொல்லுவாவ. நமக்கு ரெண்டு பேருக்கும் போயிட்டுல்லா. ஒருத்திக்குன்னா சந்தேகம், ரெண்டு பேருக்குமா பொய்யாப் போவும்?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "யோசிச்சுச் செய்ங்கக்கா" என்றேன்.

பங்குனி உத்திரத்தன்று, திங்கட்கிழமை, பத்தரை மணிக்கு ஆபீசுக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வார்டு நர்ஸ் பிரேமா. "விஜிலாம்மா, புதன்கிழமை லிஸ்ட்ல ஒரு இடம் காலியாயிருக்கு. டாக்டர் உங்களைத்தான் சொல்றாங்க. நாளைக்குக் காலைல வந்து அட்மிட் ஆக முடியுமா?" அவர் முடிப்பதற்குள் நான் "வாரேன்" என்றுவிட்டேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகுதான் புதன்கிழமை என்பது மண்டையில் ஏறியது.

"யாரு வரலியாம்?"

"சங்கரம்மாள்னு ஒரு அம்மா. சனிக்கிழமை அவங்க வீட்டுக்காரர் வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. கட்டி கரைஞ்சிட்டாம். இதே மாத்திரை சாப்பிடுற இன்னொரு அம்மாவுக்கும் கரைஞ்சிட்டாம், அவங்களும் பண்ணப்போறதில்லையாம். யார் இப்படியெல்லாம் சொல்லிக் கொடுக்காங்கன்னு தெரியல." ஏதோ பேப்பரைப் புரட்டினார். "அவங்க மனசு மாறினா இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னு சொல்லியிருக்கோம். வந்தா அவங்களுக்குத்தான் இடம். அஞ்சு மணிக்கு மேல லிஸ்ட் மாறாது. நீங்க எதுக்கும் தயாரா இருங்க."

ஆபீஸ் வராந்தாவில் நின்று இஞ்ஞாசியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாதா குடுத்த இடம்ளா" என்றார். "மாதா ஒண்ணும் குடுக்கல, சும்மா இருங்க" என்று அந்த நல்ல மனுஷனிடம் எரிந்து விழுந்தேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அக்காவைக் கூப்பிட்டேன். உத்திரத்துக்குச் செம்மணல் தேரிக்காட்டுக்குள் இருக்கிற அவர்கள் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தாள். நையாண்டி மேளத்துக்கு நடுவே அவள் குரல் வந்து வந்து போனது. நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, எனக்குக் கரையல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அப்படியேதான் இருக்கு."

மேளத்தை விட்டு விலகி வந்தாள்போல.

"எதுக்குளா அப்பிடிச் சொன்ன?"

"தெரியலக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அட பாவி மவளே," என்றாள் மெதுவாக. "இத்தன நாளு தனியா வச்சுக்கிட்டா இருந்த? சரி, அழாத. ஒனக்குக் கரையலன்னா நீ போய்ப் பண்ணிக்க. எனக்குக் கரைஞ்சது நெசந்தானே. அது நீ சொல்லியா கரைஞ்சிது? ஒம் பேருக்கும் ஒரு பொங்கப் பான வைக்கச் சொல்லுதேன். வேதக்காரின்னா எங்க சாமி வேண்டாம்னா சொல்லிரும்?"

மறுபடி எழும்பும், எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது என்ற டாக்டரம்மாவின் சொற்கள் என் நாக்கின்மேல் இருந்தன. சுவரில் மணி பதினொன்று இருபது. ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏரலிலிருந்து போட்டாலும் தேரியிலிருந்து போட்டாலும் ஒரு போன் போதும் அவளுக்கு, இடம் திரும்பிவிடும். நான் ஏப்ரல் கடைசிக்குப் போய்விடுவேன். அதற்குள் எனக்குள் நிற்பது நடக்க ஆரம்பித்துவிட்டால்? நான் வாயைத் திறக்கவில்லை.

வீரபாகு போனை வாங்கினார். அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கோபமாகப் பேசவில்லை, கெஞ்சுவதுபோலப் பேசினார். "யம்மா, வெள்ளத்துல வீடு போச்சு, மாடு போச்சு, போட்ட நடவு போச்சு. இது ஒண்ணாவது சாமி குடுத்துச்சேன்னு இருக்கோம். நீங்க ஒங்களதப் பாருங்க. இதையும் பொய்யின்னு சொல்லிராதீய."

"சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நான் செய்த வேலை எனக்கே ஞாபகமில்லை. பார்ட்டிகள் கூப்பிட்டார்கள். வண்டி இன்னும் யார்டிலேயே நிற்கிறது, இன்றைக்கு வராது என்று எல்லாரிடமும் சொன்னேன். நேசக்குமார் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் பிரேமாவாக இருக்குமோ, அந்தம்மா வருகிறாராம் என்று சொல்வாரோ என்றுதான் எடுத்தேன். வர வேண்டும் என்று வேண்டினேனா, வரக் கூடாது என்று வேண்டினேனா என்று என்னைக் கேட்காதீர்கள். ஜெபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து அடித்து ஐந்து நிமிஷம் ஆனபிறகு அக்காவுக்குப் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன். டாக்டரம்மா பேனாவைத் தட்டியது முதற்கொண்டு, ஒன்று விடாமல். இனிச் சொன்னால் எனக்கு நஷ்டமில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்பதும் தெரியும். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

போனைக் கீழே வைக்கப் போகும்போது படம் ஒன்று வந்து விழுந்தது. வீரபாகு அனுப்பியிருந்தார். செம்மணலில் இரண்டு பானைகள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இரண்டும் பொங்கி வழிந்து, அடுப்புக் கல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. பின்னால் பெண்கள் வரிசையாக நின்று சாஸ்தாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. புதுச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. விரலால் தள்ளிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கை மட்டும்தான் மேலே போயிருந்தது. கட்டி இருந்த பக்கத்து இடது கை தோளுக்குக் கொஞ்சம் கீழேயே, அதற்கு மேல் போக முடியாமல் நின்றிருந்தது.