நண்டு இறங்கட்டும்

பயப்படுவதற்கென்று ஒரு போட்டி வைத்தால், தையல்காரர் அந்தப் போட்டிக்கே பயந்து வீட்டில் இருந்துவிடுவார். பரிசை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். கதவைத் திறப்பாரா என்பது சந்தேகம். பல்லி கத்தினால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொள்வார். குளியலறைத் தொட்டி நிரம்பி வழிந்தால் தையல் மெஷின்மேல் ஏறி நிற்பார். இப்பேர்ப்பட்டவர் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறார் என்றால், பெண் எப்படி இருந்திருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அவர் கடலில் கால் நனைத்ததில்லை. மனைவி கிண்டல் செய்தால், "அது அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் கிடையாது" என்பார்.

அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது மனைவியின் அண்ணனுடைய மணிக்கட்டு. அவருக்குச் சொந்தமாக ஒரு படகு. வலை இழுக்கும்போது கயிறு கையைச் சுற்றிப் பிடித்துத் திருகிவிட, வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு அவர் வீடு வந்து சேர்வதற்குள் புயல் அறிவிப்பும் வந்து சேர்ந்தது. மறுநாள் பகலில் கரையைக் கடக்குமாம். மணலில் கிடக்கிற படகுகளையெல்லாம் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் கொண்டுபோய்க் கட்டியாக வேண்டும். கட்டாத படகு அடுப்பெரிக்கத்தான் ஆகும். மச்சானின் கூட்டாளி எங்கோ வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தான். குடும்பத்தில் மிச்சமிருந்த இரண்டு நல்ல கைகள் தையல்காரருடையவை.

"எங்க அண்ணன் ஒத்தக் கையோட கிளம்புது. நீங்க ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு மெஷினுக்குக் காவல் இருக்கீங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு சட்டை முடிக்கணும்."

"புயல் அடிக்கிறப்ப எவன் வந்து சட்டை கேக்கப் போறான்? படகு போச்சுன்னா அண்ணன் குடும்பத்தோட இங்கதான் வந்து உக்காரும். அஞ்சும் வாலுங்க. யோசிச்சுக்குங்க."

தையல்காரர் யோசித்தார். கடைசியாக அந்த ஐந்து பேரும் வந்தபோது பொத்தான் டப்பாவில் பாதியை விழுங்கிவிட்டிருந்தார்கள். புயலா, பிள்ளைகளா என்று எடைபோட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டினார்.

ஓடை என்பது கடலிலிருந்து காட்டுக்குள் வளைந்து நுழைகிற உப்புத் தண்ணீர் வழி. இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். அடிமரம் மண்ணைத் தொடாமல், ஆயிரம் கால் சிலந்தி சேலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல வேர்களை ஊன்றிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். சேற்றிலிருந்து இன்னொரு வகை வேர் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், புதைத்து வைத்தவர்கள் கை நீட்டுவதுபோல. நாற்றமோ, ஊரிலுள்ள கூமுட்டையெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுகிற நாற்றம்.

"இந்தச் சேத்துக் காட்ட வெட்டிட்டு ஒரு ரோடு போட்டா என்ன மச்சான்?" கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

மச்சான் இடது கையால் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார். "போடலாம் மாப்ளே. இறால், நண்டு, கெளுத்தி, கொடுவா எல்லாம் குஞ்சா இருக்கிறப்ப இந்த வேருக்குள்ளதான் ஒளிஞ்சு வளருது. எங்களுக்கு இதுதான் பிரசவ ஆஸ்பத்திரி, பால்வாடி எல்லாம். ரோடு போட்டுட்டா அதுங்க எங்க போகும், உன் கடையிலயா முட்டை வைக்கும்? எங்க வலையில மீன் இல்லேன்னா உனக்கு எவன் துணி குடுப்பான்?"

தையல்காரர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகிறது.

அந்தக் கரையில் ஒவ்வொரு படகுக்கும் ஓடையில் இன்ன இன்ன மரங்கள் என்று உண்டு. அப்பன் கட்டிய மரத்தில்தான் மகனும் கட்டுவான். அடுத்தவன் மரத்தில் கயிறு போட்டால் பேசி முடித்த சம்பந்தமே முறிந்துபோகும். அதனாலேயே யாரும் ஒரு கிளையைக்கூட ஒடிப்பதில்லை. மற்ற படகுகளின் மரங்கள் எல்லாம் வளைவுக்கு உள்ளே இருந்தன. மச்சானின் மரங்கள் ஓடை வாய்க்குப் பக்கத்தில், கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே முன்வரிசை மரங்கள் மட்டும் நிற்கிற இடத்தில் இருந்தன.

"நாலு கயிறு மாப்ளே. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. மரத்துல ஏறி மேல கவட்டையில கட்டு. ஒவ்வொன்னுலயும் ரெண்டு ஆள் நீளம் தளர விடு" என்று சொல்லிவிட்டு, மச்சான் ஒற்றைக் கையால் இன்ஜினுக்குத் தார்ப்பாய் போர்த்தப் போனார்.

தையல்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். மேலே எறும்பு இருக்கும். எறும்பு இருந்தால் அதைத் தின்ன ஏதாவது இருக்கும். அதைத் தின்னவும் ஏதாவது இருக்கும். கைக்கு எட்டுகிற கீழ் வேரே போதும் என்று முடிவு செய்தார். தளர விடுவதாவது? தொங்குகிற நூலைக் கண்டால் தூக்கம் வராத மனிதர் அவர். இழுத்து, இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டு, அதன்மேல் பொத்தானுக்குச் சுற்றுவதுபோல ஒரு சுற்றும் சுற்றினார். நாலு கயிறும் வீணைத் தந்திபோல விறைத்து நின்றன. படகு அசையவே இல்லை. உலகத்திலேயே அசையாத படகில் உட்கார்ந்திருக்கிற நிம்மதி அவருக்கு.

"தளர விட்டியா?" தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"உங்க தங்கச்சி மேல சத்தியமா விட்டிருக்கேன் மச்சான்."

வேர்களும் இலைகளும் கயிற்றை மறைத்திருந்தன. மச்சான் நம்பினார். புயல் ஓயும்வரை காவலுக்கு ஆள் படகிலேயே இருப்பது அந்தக் கரை வழக்கம்.

மத்தியானம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. முதலில் பறவைகளின் சத்தம் நின்றது. அப்புறம் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றன. பிறகு காற்று வந்தது. தையல்காரரால் திறந்த வாயை மூட முடியவில்லை. காற்று உள்ளே போய்க் கன்னத்தை ஊதியது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து ஊசியாகக் குத்தியது. வாழ்நாளெல்லாம் துணியைக் குத்தியதற்குக் கணக்குத் தீர்க்கிறார்கள் என்று நினைத்தார்.

பயத்தில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் எதிரே இருந்த மரத்தில் வைத்தார். அங்கே நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கரும்பச்சை நிறத்தில், பொத்தான் அளவிலிருந்து சாஸர் அளவுவரை, சேற்றை விட்டு வேரில் ஏறி, வேரை விட்டு மரத்தில் ஏறி, வரிசை வரிசையாக.

"மச்சான், நண்டெல்லாம் மேல போகுது."

"போகும். தண்ணி எதுவரைக்கும் வரும்னு அதுக்குத் தெரியும். அது எங்க நிக்குதோ அங்க தண்ணி வராது. எதுவரைக்கும் போயிருக்கு?"

தையல்காரர் பார்த்தார். அவர் கட்டிய முடிச்சுகளைத் தாண்டிப் போயிருந்தன. ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிப் போயிருந்தன. கடைசி நண்டு கவட்டைக்கும் மேலே, இலைக்குள் மறைந்தது.

அப்போதுதான் அவருக்குக் காலடியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஓடைத் தண்ணீர் உயர்ந்துகொண்டே வந்தது. படகு உயரவில்லை. நாலு கயிறும் அதை வேரோடு பிடித்துக் கீழே வைத்திருந்தன. காலையில் இடுப்பளவு உயரத்தில் நின்ற படகு விளிம்பு இப்போது தண்ணீரிலிருந்து ஒரு சாண். முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டன.

ஒரு சாண் நாலு விரல் ஆகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. புயலுக்குப் பயந்த பயம் ஒரு பக்கம், மச்சானிடம் சொல்லப் பயந்த பயம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. முதல் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வந்து அவர் செருப்பை நனைத்தபோதுதான் குரல் வந்தது. ஆட்டுக்குட்டியின் குரல்.

"மச்சான், நான் தளர விடல."

மச்சான் திரும்பினார். தண்ணீரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தையல்காரருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இடுப்பிலிருந்து கத்தியை உருவி இடது கையில் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"வெட்டினா படகு நேரே கடலுக்குப் போயிடும், இல்லேன்னா மரத்துல மோதித் தேங்கா மாதிரி உடையும். முதல்ல மேல ஒரு கயிறு மாட்டணும். நங்கூரக் கயிறு இருக்கு. என்னால ஏற முடியாது." மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அது நனைந்து கூழாகிக்கொண்டிருந்தது. "மாப்ளே, நீதான்."

"நானா?"

"இங்க வேற யாரு இருக்கா, நண்டா?"

கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு எப்படி ஏறினார் என்று தையல்காரரைக் கேட்டால் இன்றுவரை பதில் கிடையாது. வேர் வழுக்கியது. பட்டை உள்ளங்கையைக் கிழித்தது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்து, அவரே தைத்த இரட்டைத் தையலை ஒரே இழுப்பில் பிரித்தது. கவட்டையில் ஒரு பாம்பு சுருண்டிருந்தது. அதுவும் புயலுக்குப் பயந்து வந்ததுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாம்பு இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"கட்டு" என்று கீழிருந்து சத்தம் வந்தது. "இறுக்காத. உன் கால்ல விழறேன், இறுக்காத."

தையல்காரர் கயிற்றைக் கவட்டையில் சுற்றினார். கைகள் பழக்கத்தில் இழுக்கப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வாழ்நாளின் முதல் தளர்வான முடிச்சைப் போட்டார். மச்சான் ஒவ்வொரு கயிறாக அறுத்தார். மூன்றாவது அறுந்தபோது தண்ணீர் படகுக்குள் கொட்டியது. நாலாவது அறுந்ததும் படகு அடைத்து வைத்த மூச்சை விட்டதுபோலத் துள்ளி மேலே வந்து, சுழன்று, புதுக் கயிறு நீளும்வரை ஓடி, இலைகளுக்குள் போய்ச் செருகி நின்றது. தையல்காரர் மரத்திலேயே மிச்சமானார்.

அங்கிருந்துதான் அவர் கடலைப் பார்த்தார். பார்க்க விரும்பவில்லை, கண்ணை மூடினால் பாம்பு என்ன செய்கிறது என்று தெரியாதே. அலைகள் மூன்று மாடி உயரம் வந்தன. (அந்த மாடிகள் வருடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டிருக்கின்றன, இப்போது லிஃப்ட் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.) ஒவ்வொன்றும் கர்ஜித்துக்கொண்டு முன்வரிசை மரங்களுக்குள் நுழையும். மரங்கள் குனியும், தண்ணீருக்குள் போகும், போய்விட்டன என்று அவர் அலறுவார், திரும்ப எழும். அந்தப் பக்கம் மலையாகப் போன அலை இந்தப் பக்கம் வரும்போது நுரையும் குப்பையுமாக, வேர்களில் சிக்கிச் சிக்கி, படகை ஆட்டிவிட்டுப் போகிற அளவுக்கு இளைத்திருந்தது. ஒரு மரம் மட்டும் எழவில்லை. அதற்கப்புறம் வந்த ஒவ்வோர் அலைக்கும் அவர் தன் மரத்தை இன்னும் இறுக்கினார். இதையாவது இறுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"இருக்கியா மாப்ளே?" என்று கீழிருந்து அவ்வப்போது குரல் வரும்.

"இருக்கேன். ரோடு வேண்டாம் மச்சான்."

சாயங்காலம் காற்று ஓய்ந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. படகு பக்கவாட்டில் கீறலோடு, ஆனால் முழுசாக மிதந்துகொண்டிருந்தது. உள்வளைவிலிருந்து மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றில், காற்று ஓய்ந்ததும் ஊரிலிருந்து ஓடிவந்து ஏறிக்கொண்ட தையல்காரரின் மனைவி. புடவை நனைந்து, கண் வீங்கி, வரும் வழியெல்லாம் அழுதிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அண்ணாந்து புருஷனைப் பார்த்தாள். உயிர் வந்தது.

"இறங்குங்க."

"நண்டு இறங்கட்டும்" என்றார் தையல்காரர்.

பாம்பு எப்போதோ போய்விட்டது. நண்டுகளும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தோளுக்குப் பக்கத்தில் சாஸர் அளவு நண்டு ஒன்று மட்டும் கொடுக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது அசையாமல் தானும் அசைவதில்லை என்று இருந்தார். ஓடையில் எல்லோரும் படகை நிறுத்திவிட்டு ஒரு நண்டுக்காகக் காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அன்று எதையாவது பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

கடைசியில் நண்டு காலை அசைத்தது. பட்டை வழியாக மெதுவாக இறங்கி, வேருக்கு வந்து, சேற்றுக்குள் போனது. தையல்காரர் மூச்சு விட்டு ஒரு காலைக் கீழே நீட்டினார்.

"ஏங்க," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கயிறு தளர விட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணீங்களாமே? இப்பதான் அண்ணன் சொல்லுச்சு."

தையல்காரர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். இன்னும் ஒரு கிளை மேலே ஏறி உட்கார்ந்தார்.