கூடப்பிறந்தவள்

ஆறு வருஷம் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்த கமலாக்ஷிக்குக் குணமாகிவிட்டது, வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது எழுபத்தெட்டாம் வருஷம். மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மண்டி குமாஸ்தாவாக இருந்த தம்பி வெங்கிடாசலம் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் அவளை அழைத்துவந்தான்.

வீட்டில் அவன் மகள் கங்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால் எவன் படியேறுவான்?

"அக்கா, கல்யாணம் முடியற வரைக்கும் நீ சமையல்காரியா இருந்தாப் போறும். தாலி கட்டின மறுநாள் நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன், இவ என் அக்காவாக்கும்னு" என்றான்.

கமலாக்ஷி சம்மதித்தாள். பதின்மூன்று வயசு வரை கங்காவுக்குத் தலைபின்னிவிட்டதே அவள்தான். அந்தப் பெண்ணுக்காக இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் ஆயுசு முழுக்க அத்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் பிழைத்து வந்திருந்தாள்.

எர்ணாகுளத்திலிருந்து பிள்ளை வீட்டார் படகேறி வந்தார்கள். பிள்ளையின் அம்மா கனகாம்பாள் இரண்டாம் தடவை சொஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெண்ணைப் பிடித்திருந்தது. சமையல் அதைவிடப் பிடித்திருந்தது.

"கேட்டேளா, இந்த மாமியையும் பொண்ணோட அனுப்பிச்சுடுங்கோ. எங்காத்து அடுக்களைக்கு ஆள் இல்லை."

வெங்கிடாசலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி ஆனான் பாவி. "அதுக்கென்ன, தாராளமா! காலம் பூரா அங்கேயே இருக்கட்டும்."

அப்போ தாலி கட்டின மறுநாள் என்று சொன்னதெல்லாம்? கமலாக்ஷி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னாள்: "நான் சமையல்காரி இல்லை. இவனோட கூடப்பிறந்த அக்கா. கங்காவுக்கு அத்தை."

வெங்கிடாசலம் கனகாம்பாள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"பாவமாக்கும். சித்தம் சரியில்லை. நாதியில்லாதவளாச்சேன்னு வச்சிண்டிருக்கோம். அப்பப்போ இப்படி உறவு கொண்டாடுவா."

கனகாம்பாள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். "ஐயோ, அப்போ இவ வேண்டாம்! ஆனா உங்களுக்கு எத்தனை பெரிய மனசு!"

அந்தப் பெரிய மனசில் தீயை வைக்க.

கமலாக்ஷி கங்காவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கொழந்தே. நான் யாரு?"

கங்கா புடவைத் தலைப்பைத் திருகினாள். அத்தையைப் பார்க்காமல் கனகாம்பாளைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கிட்டயும் இப்படித்தான் சொல்லிண்டிருப்பா, மாமி."

அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை. அதைக் கேட்டு, ஒருவேளை தான் சமையல்காரிதானோ என்று கமலாக்ஷிக்கே சந்தேகம் வந்துவிட்டது.