விழும்போதே அளந்த தரை

விழுந்துகொண்டிருக்கும்போதே, இடுப்பு தரையைத் தொடுவதற்குள், அந்தத் தரையின் வழுக்கலை அளந்து முடித்த மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். பத்தொன்பது. அந்தரத்திலேயே ஒருமுறை சரிபார்த்தும் விட்டேன்.

நம்ப முடியவில்லை அல்லவா? என் மகளும் நம்பவில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் தரைகளைச் சோதித்தவன் நான். ஆஸ்பத்திரி, நீச்சல்குளம், விமான நிலையம் எதுவானாலும் நான் தலையாட்டாமல் ஒரு ராஜாகூடக் கால் வைத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு என் ராஜ்ஜியம் ஐந்தாம் மாடியில் ஒரு வீடு. மனைவி போனபின் அங்கே வாய் திறப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் விட்டு விட்டு.

அன்று மழை. கடையிலிருந்து திரும்பி, குடியிருப்பின் வாசல் கூடத்தில் கால் வைத்தேன். புதிதாகப் போட்ட பளபள டைல்ஸ். அடுத்த நொடி மல்லாக்கக் கிடந்தேன். எழ முடியவில்லை. லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது, யாரும் இறங்கவில்லை. சும்மா கிடப்பானேன் என்று, வாங்கி வந்த ரொட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்ல பொறுமைசாலி. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம்தான் வாட்ச்மேன் வந்து தூக்கினார்.

சேதி கேட்டு மகள் வெளியூரிலிருந்து ஓடி வந்தாள்.

"போதும்ப்பா. கால் தடுமாற ஆரம்பிச்சிடுச்சு. முதியோர் இல்லத்துல இடம் பேசிட்டேன். வீட்டைப் பூட்டிடலாம்."

"கால் மேல பழி போடாதம்மா. எல்லாம் தரையோட வேலை. பத்தொன்பதுதான் இருக்கு."

"விழும்போது எண்ணிக்கிட்டே விழுந்தீங்களாக்கும்! கதை விடாதீங்கப்பா. தரையைச் சோதிச்சாச்சு, நல்லா இருக்குன்னு குடியிருப்பு செக்ரட்டரியே சொல்றார்."

"காய்ஞ்ச தரையில பார்த்திருப்பாங்க. காய்ஞ்சிருந்தா கண்ணாடிகூடக் காலைப் பிடிச்சு நிறுத்தும். தண்ணி தெளிச்சுப் பார்க்கச் சொல்லு!"

"சரி, பார்த்துடலாம். தரை நல்லா இருந்தா, வாயைத் திறக்காம என்கூடக் கிளம்பணும்."

என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி ஊசல் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், நீங்களே வழுக்கி விழுந்தீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிச்சது போதும், ஊசலோட கையை விடு."

கருவியின் கை முனையில் ஒரு ரப்பர் துண்டு. மேலிருந்து விட்டால் தரையை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறும். தரை பிடித்து இழுத்தால் கொஞ்சமாக ஏறும். வழுக்கினால் உற்சாகமாகப் பறக்கும். எவ்வளவு பறக்கிறதோ, முள் காட்டும் எண் அவ்வளவு குறையும். முள் முப்பத்தாறைத் தொட்டால் நிம்மதி. இருபத்தைந்துக்குக் கீழே என்றால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

காய்ந்த தரையில் அறுபதுக்கு மேல். மகள் என்னைப் பார்த்த பார்வையில் என் பெட்டி படுக்கையெல்லாம் கட்டி முடிந்திருந்தது.

கருவி கொண்டுவந்தவள் தண்ணீர் தெளித்தாள். கையை விட்டாள். பறந்தது! திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்துச் சராசரி சொன்னாள்: பத்தொன்பது.

மகள் குத்துக்காலிட்டு, ஈரத் தரையை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாள்.

"இல்லத்துக்கு வேண்டாம்னு போன் பண்ணிடறேன்ப்பா. செக்ரட்டரிகிட்ட இந்தத் தரையை மாத்தச் சொல்லிட்டு, நான் நாளைக்குக் கிளம்பறேன்."

வீடு எனக்கே. குதித்திருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் மாடியில் ஃபிரிட்ஜ் உறுமி அடங்குவது கீழேவரை கேட்டது.

"எதுக்கும் இன்னொரு நாள் இருந்து, நல்லா அளந்து பார்க்கலாமாம்மா? நான் சொன்னது தப்பாக்கூட இருக்கலாம்."

அவள் என் கையைப் பிடித்து, ஈரம் இல்லாத பக்கமாக நடத்திக்கொண்டு போனாள்.

"இன்னொரு நாள் இருக்கேன்ப்பா. ஆனா தப்பே இல்ல. நீங்க விழும்போதேதான் அளந்திருக்கீங்க."