எழுநூற்று நாற்பத்திரண்டாவது கோடு

மருத்துவமனைப் பதிவறையில் பழைய ஃபேக்ஸ் இயந்திரத்தை எடுத்துவிட்டு இணைய ஃபேக்ஸ் வைத்த திங்கட்கிழமை, அங்கே எழுத்தராக இருந்தவளுக்கு இறந்துபோன கணவரிடமிருந்து வரவேண்டிய தாள் வரவில்லை. இரண்டு வருடமும் பதினோரு நாளும் காலை பதினொன்று பத்துக்குத் தவறாமல் வந்த தாள் அது. செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை.

கணவர் சரக்கு அலுவலகத்தில் கணக்கர். எந்தத் தாளையும் ஃபேக்ஸில் தலைகீழாகச் செருகுவது அவர் பழக்கம். மனைவிக்குக் கைப்பட எழுதிய கடிதத்தையும் அப்படியே செருகினார். முதல் கோடு போவதற்குள் மூச்சு நின்றது. கடிதம் அவர் கைப்பிடியில் இறுகி, சிதையில் அவரோடே எரிந்தது. மறுநாள் முதல் அதே நேரத்துக்குப் பதிவறை ஃபேக்ஸுக்கு அழைப்பு வந்தது. கடிதத்தின் அடியிலிருந்து, முந்தைய நாளைவிட மயிரிழைக் கோடு ஒன்று கூடுதலாக வரும். பிறகு தொடர்பு அறுந்துவிடும். ஒரு தாளுக்கு அப்படி ஆயிரத்து நூறு கோடுகள். முதல் வருடம் முழுக்க வெறும் வெள்ளை. பிறகு கையெழுத்து. பிறகு, ‘என்னை மன்னிச்சிடு.’ எதற்கு என்பது அதற்கு மேலே, இன்னும் வராத கோடுகளில் இருந்தது. வெப்பத்தாளில் எழுத்து நிற்காது, அலமாரிக்குள்ளேயே வெளிறிவிடும். அந்த மன்னிப்பு தினமும் புதிதாக வந்துகொண்டிருந்ததால்தான் இருந்தது.

“உயிரோட இருந்தப்பவே எங்கண்ணன் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினதில்ல. இப்பவா முழுக் கடிதம் அனுப்பப் போறாரு?” என்றாள் நாத்தனார்.

கணினி பார்க்க வந்தவர் பொறுமையாக விளக்கினார். “பழையது ரெண்டு பேர் போன்ல பேசுற மாதிரிக்கா. இவன் ஒரு விசில், அவன் ஒரு விசில். ஒத்துப்போச்சுன்னா தாளைக் கோடு கோடா சத்தமாக்கி அனுப்பும். நடுவுல அறுந்தாலும் வந்த வரைக்கும் தாள்ல நிக்கும். இது தபால் மாதிரி. எங்கயோ ஒரு சர்வர் போனை எடுக்கும். முழுசா சேர்ந்தாத்தான் ஃபைலாக்கி மெயில்ல போடும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும்.” திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று நாளும் பதினொன்று பத்துக்கு நேரே ‘தோல்வி’ என்றிருந்தது.

“பாதி வந்தாப் போதும்னு அதுகிட்ட சொல்ல முடியாதா தம்பி?”

“அதுக்குப் பாதின்னா என்னன்னே தெரியாதுக்கா.”

அவள் அழவில்லை. பழைய இயந்திரத்தைக் கேட்டு வாங்கிப் படுக்கையறையில் கட்டில் பக்கத்தில் வைத்தாள். வீட்டுத் தொலைபேசிக் கம்பியை அதில் செருகினாள். சரக்கு அலுவலகத்தின் அந்த ஓர் எண்ணிலிருந்து வரும் அழைப்பை மட்டும் சர்வர் எடுக்காமல் அவள் வீட்டு எண்ணுக்குத் திருப்பிவிடும்படி கணினி பார்க்க வந்தவர் அமைத்துக்கொடுத்தார்.

அவள் விடுப்பெடுத்து வீட்டிலிருந்த வியாழன் பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. இயந்திரம் விசிலடித்தது, மறுமுனையும் விசிலடித்தது, தாள் சூடாக வெளியே வந்தது. வராத மூன்று நாளைக் கணக்கில் எடுக்காமல், விட்ட இடத்திலிருந்தே ஒரு கோடு கூடியிருந்தது; அந்த எழுநூற்று நாற்பத்திரண்டாவது கோடு வெள்ளையாக இருந்தது. அவள் அதை மற்றவற்றோடு கோப்பில் சேர்த்தாள். இயந்திரம் சரியாக வேலை செய்தது.