வாசலில் தூக்கிய பிளேடு

"அங்க பாரு வெல்டா, ஸ்ட்ரான்ஸ்கி வீட்டு வாசல்ல பனி வண்டிக்காரன் பிளேடைத் தூக்கிட்டான்."

"தூக்கினா என்ன? கை வலிச்சிருக்கும்."

"கை வலியாம். கவுண்டி வண்டி ஒரு வீட்டு வாசல்ல மட்டும் பிளேடைத் தூக்குதுன்னா, அந்த வீட்டுல யாருக்கோ ஏதோ காரியம் ஆகணும்னு அர்த்தம்."

"நம்ம வாசல்ல தூக்கினா?"

"அன்னிக்கு நீ கைப்பையைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

கணவன் ஏர்வின் இதைச் சொன்னபோது இருவரும் பிக்கப் வண்டியில், பெரிய பிளேடால் பனி தள்ளும் கிரேடருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துக்கொண்டான். அது அவன் வழக்கம். அவன் போய் நான்கு குளிர்காலம் ஆகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் வெல்டா கோவாரிக்கின் காதை விட்டுப் போகவில்லை.

டோரன் கவுண்டி என்னும் அந்த அமெரிக்க மாவட்டத்தில் பனி எல்லோருக்கும் பொது. கிரேடர் ரோட்டைச் சுரண்டிக்கொண்டு போகும்போது ஓரத்தில் இடுப்புயரத்துக்குப் பனி வரப்பு ஒன்று எழும். அந்த வரப்பு ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்துக்கொண்டுதான் போகும். ரோடு கவுண்டியுடையது, வாசல் அவரவருடையது என்பது சட்டம். ஆகவே பணக்காரன், ஏழை, போதகர் எல்லோரும் வெளியே வந்து, கவுண்டியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, மண்வெட்டியால் தங்கள் வாசலைத் தாங்களே திறந்துகொள்வார்கள். ஓட்டுகிறவன் மனது வைத்தால், வாசல் வரும்போது பிளேடைச் சற்றுத் தூக்கித் திருப்பி, பனியை அப்பால் கொண்டுபோய்த் தள்ளலாம். யாருக்கும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் மறுநாள் கூட்டுறவுக் கடை காபி மேசையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஏர்வின் இறந்த குளிர்காலத்தில் வெல்டாவின் வாசலில் பிளேடு தூக்கப்பட்டது.

துக்க வீடு, இரக்கப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அடுத்த குளிர்காலமும் தூக்கப்பட்டது. அதற்கடுத்ததும். ஏர்வின் இறந்த அந்தக் குளிர்காலத்திலிருந்து கிழக்குப் பகுதிக்குக் கிரேடர் ஓட்டுகிறவன் ஆர்டன் ஹாயெக். ஏர்வினோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவன், மீன் பிடிக்கப் போனவன், கல்யாணம் செய்துகொள்ளாமலே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவன். ஏர்வின் இருந்தவரை அவளை "வெல்டா" என்றுதான் கூப்பிடுவான். அடக்கம் முடிந்த அன்றிலிருந்து அவள் "மிசஸ் கோவாரிக்" ஆகிவிட்டாள். வீட்டைத் தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவான். அந்தப் பக்கத்தில் எதிரே வரும் நாய்க்குக்கூட விரல் உயர்த்துவார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆர்டன் உயர்த்தும்போது அவள் வீட்டு ஜன்னலைப் பார்ப்பதில்லை. நேரே முன்னால் பார்ப்பான். மடியில் கனமில்லாதவன் அப்படிப் போவானா?

இந்த வருடம் நவம்பர் கடைசியில், நன்றி நாள் பண்டிகை முடிந்த வாரத்தில், ஊர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கவுண்டியின் அறிவிப்பு வந்தது. கிழக்கு ஓடை ரோட்டை இனி பராமரிப்பதில்லை என்று ஒதுக்கிவிடுவதைப் பற்றிக் கவுண்டி நிர்வாகக் குழுவான கமிஷன் யோசிக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரலாம்.

அந்த ரோட்டில் குடியிருப்பது வெல்டா ஒருத்திதான்.

ஒதுக்கிவிட்டால் பனி தள்ள மாட்டார்கள். தபால்காரர் வர மாட்டார். அவள் டவுன் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள். விடியும் முன் அடுப்பு மூட்டியாக வேண்டும். ரோடு போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். ரோட்டின் இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம் யாருடையது? கமிஷன் தலைவர் கேலார்ட் ஸ்ட்ரான்ஸ்கியுடையது. நடுவில் துருத்திக்கொண்டிருப்பது கோவாரிக் வீடு. "விக்கிறதா இருந்தா முதல்ல எங்கிட்ட சொல்லு வெல்டா" என்று அவன் சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னது அவளுக்கு நினைவு இருந்தது.

கார் நம்பர் தகடு புதுப்பிக்கப் போன சாக்கில் கவுண்டி அலுவலகத்தில் ஐலீனிடம் கேட்டாள். கமிஷன் கூட்டங்களில் குறிப்பெழுதுவதும் ஐலீன்தான்.

"இந்த யோசனையை யார் கொண்டுவந்தாங்க, ஐலீன்?"

"கமிஷன்."

"கமிஷன்னா மூணு பேர். அதுல ஒருத்தர் கூட்டத்துல தூங்கறவர். மிச்சம்?"

"நான் வெறும் எழுதறவ. என்னை ஏன் கிண்டறே?" ஐலீன் குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, உன் வாசல்ல இன்னும் பிளேடு தூக்கறாங்களாமே? எங்க வாசல்ல தூக்கினா அவனுக்குத் தினம் கொலாச்சி ரொட்டி சுட்டுக் கொடுப்பேன். கசகசா வச்சது."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேட்டேன்னு யார் சொன்னா?" ஐலீன் தகட்டை நீட்டினாள். "சொல்றதுக்கு ஆளா இல்ல இந்த ஊர்ல."

வழியெல்லாம் அந்தப் பேச்சு வெல்டாவைக் குடைந்தது. தனியார் வேலைக்குக் கவுண்டி வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. இதுவும் சட்டம். நாளைக்குக் கூட்டத்தில் கேலார்ட் எழுந்து, "இந்த அம்மா வருஷக்கணக்கா சலுகை வாங்கிட்டிருக்காங்க, இப்ப ரோடும் வேணுமாம்" என்று சொன்னால்? அதற்காகவே தூக்கச் சொல்லியிருந்தால்? ஆர்டனுக்குச் சம்பளம் போடும் கமிஷனுக்குத் தலைவன் கேலார்ட். கணக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. பொருந்தியதால் நெஞ்சு வலித்தது. அந்தத் தனிமையில், யாரோ ஒருவன் கேட்காமலே செய்கிறான் என்ற ஒன்றை அவள் தனக்கே தெரியாமல் எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

ஓடைப் பாலத்தருகே வந்தபோது கேலார்டின் வெள்ளை பிக்கப் நின்றிருந்தது. ஆர்டனும் அவனும் பாலக் கைப்பிடிமேல் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காரைக் கண்டதும் பேச்சு நின்றது. கேலார்ட் விரலை உயர்த்தினான். ஆர்டன் பாலத்தின் கீழே எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

அவள் விரலை உயர்த்தவில்லை.

அடுத்த பனி விழுந்து, கிரேடர் போய், வழக்கம்போல் அவள் வாசல் மட்டும் சுத்தமாகத் திறந்து கிடந்தது. வெல்டா ஏர்வினின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். ரோட்டோரத்துப் பனியை அள்ளி அள்ளித் தன் வாசலுக்குக் குறுக்கே கொட்டினாள். ஊரெல்லாம் வரப்பை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒருத்தி வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள். ஊரின் மற்ற வீடுகளில் உள்ளது போலவே உயரம், அதே சரிவு. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் காருக்கு மட்டும் இடம் விட்டு, அதைத் தானே உடைத்தாள். இப்போது எவனும் அவளுக்குச் சலுகை என்று சொல்ல முடியாது.

பிற்பகலில் கிரேடர் திரும்பி வந்தது. அவள் வாசலுக்கு எதிரே நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்டன் கண்ணாடிக்குள்ளிருந்து அந்த வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். பிறகு வண்டி மெல்ல நகர்ந்து போயிற்று. அன்று அவன் விரல் உயரவில்லை.

மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததில் சந்தோஷம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கமிஷன் கூடியது. கோர்ட் கட்டிடத்தின் மேல்மாடி அறையில் ஹீட்டர் தட்டிக்கொண்டேயிருந்தது. மேசைக்குப் பின்னால் நடுவில் கேலார்ட், ஒரு பக்கம் லவோன் டீட்ஸ், மறுபக்கம் கண்ணை மூடி யோசிக்கும் டுவேன். ஓரத்தில் ஐலீன், விரல்கள் தயாராக. பின்வரிசையில் ரோட்டு ஆட்கள் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஆர்டன்.

களைக்கொல்லி மருந்து பேசினார்கள். ஒரு தெருநாய்ப் புகார் பேசினார்கள். பிறகு கேலார்ட் தொண்டையைச் செருமினான்.

"அடுத்தது, கிழக்கு ஓடை ரோடு."

வெல்டா எழுந்தாள். கட்டிய வரி, ஆம்புலன்ஸ், தபால் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

"நீ பேச வேண்டியதில்ல" என்றான் கேலார்ட், மேசையைப் பார்த்துக்கொண்டே. "யோசனையை வாபஸ் வாங்கறேன். ரோடு பழையபடி இருக்கட்டும்."

லவோன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "போன கூட்டத்துல வேற மாதிரி குதிச்சியே?"

"இப்ப குதிக்கல. கை தூக்கறவங்க தூக்குங்க."

மூவரும் கை தூக்கினார்கள். டுவேன் கண்ணைத் திறக்காமலே தூக்கினான். முடிந்துவிட்டது. அவளுடைய வீடு, அவளுடைய வேலை, எல்லாம் ஒரு நிமிடத்தில் அவளுக்கே திரும்பி வந்துவிட்டன.

"உக்காரும்மா வெல்டா, ஜெயிச்சிட்டே" என்றாள் லவோன்.

வெல்டா உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா?" என்றான் கேலார்ட்.

"எதுக்கு விட்டுக் கொடுத்தே? கூடப் பிறந்த தம்பிக்கே நீ ஒரு முள்ளுக்கம்பி விட்டுக் கொடுத்ததில்ல. எனக்கு ஒரு ரோட்டையே கொடுக்கறே. பதிலுக்கு என்ன?"

லவோன் காபிக் கோப்பைக்குள் சிரித்தாள்.

"ஐலீன், நான் சொல்றதை எழுதிக்க. என் வாசல்ல பிளேடைத் தூக்கணும்னு நான் யாரையும் கேட்டதில்ல. இந்தக் கேலார்ட் சொல்லித்தான் தூக்கறாங்க. நாளைக்கு அதை வச்சு என்னை மடக்கலாம்னு."

கேலார்டின் முகம் பீட்ரூட் ஆயிற்று. "நான் சொன்னேனா? என் வாசல்லயே இவன் தூக்கறதில்ல! அதுக்கு என் பெஞ்சாதிகிட்ட நான் தினம் வாங்கிக் கட்டிக்கறேன். தலைவரா இருந்து என்னத்தக் கிழிச்சேன்னு கேக்கறா." அவன் பின்வரிசையைப் பார்த்து விரலை நீட்டினான். "ஆர்டன், நீயே சொல்லு. வெள்ளிக்கிழமை எங்கிட்ட என்ன சொன்னே?"

ஆர்டன் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்டான். நானே சொல்றேன். கிரேடர் சாவியை என் மேசையில வச்சான். அந்த ரோட்டை எடுத்தா இதையும் எடுத்துக்கன்னான். பாலத்துல நின்னு அன்னிக்கும் இதே சண்டைதான். ஜனவரியில நான் ஆளுக்கு எங்க போவேன்? டுவேனை ஏத்தி விடவா?"

"எனக்கு முதுகு வலி" என்றான் டுவேன்.

அறை சிரித்தது. வெல்டா சிரிக்கவில்லை. அவள் முழுதாகத் திரும்பி, கடைசி நாற்காலியைப் பார்த்தாள். கணக்கு கலைந்துவிட்டது. கலைந்த இடத்தில் வேறெதுவும் இன்னும் வந்து உட்காரவில்லை.

"ஆர்டன். கவுண்டி வண்டி ஒரு வாசல்ல மட்டும் பிளேடைத் தூக்கினா அங்க யாருக்கோ ஏதோ வேணும்னு ஏர்வின் சொல்வான்."

"எங்கிட்டயும் சொல்லியிருக்கான்."

"அது நிஜமா?"

ஆர்டன் எழுந்தான். உயரமான மனிதன். எழுந்து முடிக்கவே நேரமானது. "ஏர்வின் சொன்னது சரிதான். வேணும்தான்."

ஐலீனின் விரல்கள் நின்றுவிட்டன.

"வேணும்னா கேட்டிருக்கலாமே" என்றாள் வெல்டா. குரல் அவள் நினைத்த கடுமையோடு வரவில்லை. "ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டே. மிசஸ் கோவாரிக், மிசஸ் கோவாரிக்னு ஏதோ வரி பாக்கி வசூலிக்க வந்தவன் மாதிரி."

"கேக்கலாம்னு ஒவ்வொரு பனிக்கும் நினைப்பேன். உங்க வாசல் வந்ததும் கை தானா பிளேடைத் தூக்கிடும். வாய்தான் வராது. அப்புறம் அன்னிக்கு நீங்க வாசல்ல வரப்பு கட்டியிருந்தீங்க. வராதேன்னு சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"அய்யோ" என்றாள் வெல்டா மெதுவாக. "அது உனக்கில்ல. கேலார்டுக்கு."

"எனக்கு எதுக்கு வரப்பு?" என்றான் கேலார்ட். லவோன் அவன் கையைத் தட்டி அடக்கினாள்.

"உனக்குத்தான் சொந்தமா ஒரு பிக்கப் இருக்கே, ஆர்டன்" என்றாள் லவோன். "அதுல போயிருக்கக் கூடாதா? பனி விழற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"பிக்கப்புல போனா எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க" என்றான் ஆர்டன். "கிரேடர்ல போனா யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்ப நான் கேக்கறேன்" என்றாள் வெல்டா.

"இதையெல்லாம் குறிப்புல போடணுமா?" என்று ஐலீன் யாரிடமோ கேட்டாள். டுவேன் இரண்டு கண்ணையும் திறந்திருந்தான்.

ஆர்டன் தொப்பியை நாற்காலியில் வைத்தான். முதல் தடவையாக, முன்னால் எங்கோ பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"வெல்டா," என்றான், "இத்தனை வருஷமா உன் வாசலைத் தாண்டிப் போயிட்டே இருக்கேன். ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கி உள்ள வரலாமா?"