மூன்றுக்கு அப்புறம் ஐந்து

வெள்ளிக்கிழமை மத்தியானம் நெமோத்தோவை ஏற்றிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி வேன்தான் பழைய பாலத்தைக் கடந்த கடைசி வண்டி. அது அவரை அக்கரையில் இறக்கிவிட்டு டவுன் பக்கம் திரும்பியதும் நாகஸாவா தடுப்பை இழுத்துப் போடச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வருஷம் லாரிகளையும் வெள்ளத்தையும் தாங்கிய பாலம். அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிய, பார்க்கவே பாவமாக இருந்தது.

நாகஸாவாதான் அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர். அவளுடைய திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிய தூண்கள் பழைய பாலத்துக்கு அடியிலேயே தயாராக நின்றன. மற்றவையெல்லாம் தொழிற்சாலையில் வார்த்து இறுகிக் கிடந்தன. சனி முடிவதற்குள் பழையதை அறுத்துத் தூக்கிவிட்டுப் தூணுக்குத் தூண் புது கர்டர் உத்திரங்களை வைத்துவிட வேண்டும். ஞாயிறன்று பன்னிரண்டு கான்கிரீட் ஸ்லாப்களை வரிசையாக இறக்கி இடுக்குகளை அடைக்க வேண்டும். திங்கள் காலை ஏழு மணிக்குத் திறந்துவிட வேண்டும். தார் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.

ஏழு மணி என்பது நெமோத்தோவின் மணி. அக்கரைக் கிராமத்தில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பாலம் மூடுகிற நாட்களில் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகிறேன் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். அதெல்லாம் வேண்டாம், உங்கள் வண்டி நேரத்துக்குப் போகும், தப்பினால் மலையைச் சுற்றிப் போகப் பாதை இருக்கிறது என்று சொன்னது நாகஸாவா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வார மழையில் ஊறிக் கிடந்த மலை சனிக்கிழமை காலையில் சரிந்து அந்தப் பாதையை மூடிவிட்டது. மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டரையும் நம்ப முடியாது.

ஞாயிறு காலை, வழக்கம்போல எல்லோரும் வரிசையில் நின்று வானொலி இசைக்குக் கைகாலை நீட்டி மடக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். டவுன் கரையில் நின்ற பெரிய கிரேன், கிராமத்துக் கரை ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் தன் பக்கமாக ஸ்லாப்களை அடுக்கிக்கொண்டு வந்தது. பாலம் லேசாக வளைவதால் ஒவ்வொரு ஸ்லாப்பும் தனி அளவு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. எண் வெள்ளை பெயின்டில் விளிம்பில் எழுதியிருக்கும். பாதை குறுகல் என்பதால் லாரிகள் மலையடிவாரத்தில் காத்திருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன.

ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்று வந்தது. மூன்றும் சமர்த்தாக உட்கார்ந்தன. அடுத்த லாரியில் வந்தது ஐந்து.

நான்கு எங்கே என்று கேட்டால் டிரைவருக்குத் தெரியவில்லை. கட்டட வேலையில் தலை நரைத்த மேஸ்திரி தோயி, நான்குக்கு இடம் விட்டுவிட்டு ஐந்தை அதன் இடத்தில் இறக்கிப் பார்ப்போம் என்றார். இறக்கினார்கள். கர்டரில் நீட்டியிருந்த கம்பியோடு ஸ்லாப்பின் கம்பி முட்டியது. கைப்பிடிக்கான துளைகள் ஒரு சாண் தள்ளி நின்றன. மறுபடி தூக்கி லாரியிலேயே வைத்தார்கள். மணி பத்தரை. மூன்று மணிக்குள் இடுக்குகளை அடைக்கத் தொடங்காவிட்டால் காலைக்குள் இறுகாது.

அடிவாரத்துக்குப் போன் போட்டு இன்னும் எத்தனை லாரி என்று கேட்டாள் நாகஸாவா. எட்டு என்றார்கள். உட்கார்ந்தது மூன்று, இங்கே நிற்பது ஒன்று, கீழே எட்டு. பன்னிரண்டும் வந்திருக்கிறது, நான்கு மட்டும் இல்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் இசோபே போனை எடுக்கவில்லை. வெள்ளிக்குப் பிறகு திங்கள்தான் வாரத்திலேயே நீளமான இடைவெளி, அது இன்னும் நீண்டால் நெமோத்தோவின் உடம்பு தாங்காது. அந்த நினைப்பு வந்ததும் அவள் மறுபடி இசோபேயின் எண்ணை அழுத்தினாள்.

நெமோத்தோ அதே நேரத்தில் கிராமத்துப் பக்கமிருந்து பார்லி டீ ஜாடியோடு வந்தார். வயது ஐம்பத்திரண்டு. மூன்றாவது ஸ்லாப் வரை நடந்து வந்து, அங்கே நின்ற நாகஸாவாவுக்கும் ஆட்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு மட்டும் ஒரு வாய்தான், அதற்கு மேல் டாக்டர் தடை. என்ன விஷயம் என்று கேட்டார். அவரிடம் சொல்லாமல் மறைப்பது அயோக்கியத்தனம் என்று நாகஸாவாவுக்குத் தோன்றியது. உள்ளதை அப்படியே சொல்லித் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அவர் பதறவில்லை. டவுன் கரை லாரியில் வெள்ளையாகத் தெரிந்த எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாகஸாவா சான், எங்க ஆஸ்பத்திரியில மூணாவது கட்டிலுக்குப் பக்கத்துல எது இருக்கு தெரியுமா? அஞ்சு. என் கட்டில் அஞ்சாம் நம்பர்தான். ஆனா பதினோரு வருஷமா நாலாவதாத்தான் படுத்துக் கிடக்கறேன்."

ஜப்பானிய மொழியில் சாவு என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் நான்கை எந்த ஆஸ்பத்திரியும் கட்டிலுக்கு வைக்காது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பாலத்துக்கும் அப்படி ஒருவன் யோசிப்பான் என்றுதான் தோன்றவில்லை. நாகஸாவா இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றை மாட்டி, வெறும் கர்டர்மேல் நடந்து டவுன் கரைக்குப் போய், டேப்போடு லாரிமேல் ஏறினாள். ஐந்து என்று எழுதியிருந்த ஸ்லாப், வரைபடத்தில் இருந்த நான்கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது.

இசோபே அதற்குள் திரும்பக் கூப்பிட்டார். பின்னால் பேரனுடைய பள்ளி விளையாட்டு விழாவின் கூச்சல். நான்கை விட்டுவிட்டுப் பதின்மூன்று வரை எண் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"நீங்கதானே சொன்னீங்க, ஆஸ்பத்திரிக்குப் போற மனுஷனுக்காக அவசரமாப் போடற பாலம்னு. அவர் காலுக்கடியில அந்த நம்பர் இருக்க வேணாம்னு பார்த்தேன். புது லிஸ்டைத்தான் இனிப்புப் பெட்டியில வெச்சு அனுப்பினேனே."

முதல் லாரியில் வந்த, பூரணம் வைத்த இனிப்புப் பெட்டி, காகிதம் பிரிக்காமல் சைட் ஆபீஸ் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. வேலை முடியாமல் பரிசைப் பிரிப்பது மரியாதை இல்லை என்று அங்கே வைத்தது தோயிதான். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாகஸாவாவுக்கு இரண்டு பேரையும் நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நல்ல மனசும் மரியாதையும் கைகோத்துக்கொண்டு வந்து கழுத்தைப் பிடித்தால் யாரை என்ன சொல்வது?

அதன் பிறகு கிரேன் நிற்கவே இல்லை. மதியச் சோற்றை முறை வைத்துச் சாப்பிட்டார்கள். கடைசி ஸ்லாப் இரண்டே முக்காலுக்கு உட்கார்ந்தது, மூன்றுக்கு இடுக்குகளில் கலவை இறங்கியது.

திங்கள் காலை, அதே கலவையில் வார்த்து வைத்திருந்த மாதிரிக் கட்டியை அழுத்திப் பார்த்தார்கள். வேண்டிய பலத்துக்கு மேலேயே தாங்கியது. ஆறே முக்காலுக்கு நாகஸாவா தடுப்பைத் தன் கையாலேயே நகர்த்தினாள். டவுன் பக்கமிருந்து வேன் அக்கரை போய் நெமோத்தோவை ஏற்றிக்கொண்டு திரும்பியது. பாலத்தின் வாசலில் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். டிரைவர் முணுமுணுத்தான். நடந்தே வருகிறேன், நீ பின்னால் வா என்றார்.

தார் இல்லாத கான்கிரீட்டில் இடுக்குக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு கோடாகத் தாண்டி எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவது கோட்டைத் தாண்டியதும் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்றார்.

"நாலு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நாகஸாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் தூக்கமில்லாததுதான் காரணம் என்று தோயியிடம் சொன்னாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு அவரை விரட்டினாள்.

"நேரமாகுது நெமோத்தோ சான். அஞ்சாம் நம்பர் கட்டில் காத்துக்கிட்டிருக்கும்."

"காத்திருக்கட்டும்" என்று அடுத்த கோட்டைத் தாண்டினார் அவர். "இன்னிக்கு நாலாவதுன்னே சொல்லிட்டுப் படுக்கப் போறேன்."