பாலத்தின் அடியில் மெரியல்

நார்ஃபோக்குச் சதுப்பு நிலத்தில் இலையுதிர்காலத்து மாலை இறங்கும் அழகைச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்று என் வீட்டார் குறைகூறுவதுண்டு. ஆயினும், அன்புடையீர், இன்று சற்றே பொறுத்தருள்க. கடலோர மணல்மேடுகளிலிருந்து தொலைவில் நின்ற பழங்காற்றாலை வரை, பழுத்து வெளுத்த நாணல்கள் காற்றுக்கு ஒருபுறம் சாய்ந்து நிற்க, அவற்றின் நடுவே தர்ன் ஆறு, அவசரம் என்பதையே அறியாத செல்வர் வீட்டுப் பிள்ளை போல வளைந்தும் நெளிந்தும் வந்து, எங்கள் ஊரின் பழங்கற்பாலத்துக் குறுகிய வளைவினுள் நுழைந்து, அப்பால் நின்ற படகுப் பட்டறைகளின் முன்னே அகன்று சென்றது. பாலத்திற்கு இப்பால் ஏரி, அப்பால் பட்டறை. மணி மூன்றாகியிருந்தது, ஏரிப்பக்கக் கரையில் ஊரில் பாதிப்பேர் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் பார்த்துநின்றது மெரியலை. தொண்ணூறாண்டுகளுக்கு முன், ஆறுகளில் தங்கித் திரிந்து இளைப்பாறுவோருக்கென்று செந்நிற மரப்பலகைகளால் கட்டப்பெற்ற முப்பதடிப் படகு அது; நான்கு படுக்கைகளும், பித்தளை விளக்குகளும், ஒரு சட்டி வைத்தால் மறுசட்டிக்கு இடமில்லாத அடுப்பும் உடையது. அதனை நாற்பதாண்டுகளாக உடையவர், அஞ்சற்பணியிலிருந்து ஓய்வுபெற்ற டெஸ்மண்ட் தாக்ஸ்டர் என்பார். உடையவர் என்று நான் எழுதுவது ஏட்டு வழக்கு. படகுதான் அவரை உடையது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனிக்காலம் முழுதும் சுரண்டுவார், தேய்ப்பார், மெருகெண்ணெயை ஏழு பூச்சுப் பூசுவார், ஏழாவது பூச்சில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டால் மறுபடியும் தேய்ப்பார். வேனிலில் நீரில் இறக்கியதும், காய்ந்த பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று இறுகப் பற்றும்வரை, உள்ளே கசியும் நீரை இறைப்பான் கொண்டு வெளியேற்றியபடி காவலிருப்பார். அவர் மனைவி ஹில்டா பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவர். வாயும் மனமும் பெரியவை. தம் கணவர் இறைப்பானின் ஓசை கேட்காவிட்டால் விழித்துக்கொள்பவர் என்றும், தாம் குறட்டை விட்டால்கூட அசையாதவர் என்றும் அவ்வம்மையார் கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

அவ்வாண்டு இளவேனிலில், ஆறு தாழ்ந்திருந்த ஒருநாளில், அவ்விருவரும் வழக்கம்போல் பாலத்தைக் கடந்து ஏரிக்குப் போனார்கள். போனவர்கள் திரும்ப முடியவில்லை. கோடை முழுதும் வடகாற்று கடலைக் கரைநோக்கித் தள்ள, கடல் ஆற்றைப் பின்னுக்குத் தள்ள, நீர்மட்டம் ஏறியது ஏறியபடியே நின்றது. வளைவுக்கும் நீருக்கும் இடையில் மெரியலின் கூரை புக இடமில்லை. போதாக்குறைக்கு, படகின் அடிமரத்தை ஒட்டிய பலகை ஒன்று இற்றுப்போனது. ஆவணியில் நாளுக்கு இருமுறை இறைத்தார். புரட்டாசியில் மணிக்கு இருமுறை. இப்போதோ மின்விசை இறைப்பான் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பலகையை மாற்றத்தக்க பட்டறை பாலத்திற்கு அப்பால்தான் இருந்தது. பனிக்காலத்திற்கு முன் அங்குப் போய்ச் சேராவிட்டால், கட்டிய இடத்திலேயே மெரியல் மூழ்குவாள். மூழ்கிய மரப்படகை வெளியே இழுத்துத் துண்டுதுண்டாக அறுப்பதுதான் வழக்கம். நான்கு முறை முயன்று நான்கு முறையும் திரும்பியாயிற்று. இன்று ஆறு இறங்கியிருந்தது. இந்த ஆண்டில் இனி இவ்வளவு இறங்காது என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

எங்கள் பாலத்தினூடே பிறர் படகைச் செலுத்திக் கடத்தித் தருவதற்கென்றே ஒருவர் இருப்பார். அந்நாளில் அப்பணி நோரீன் கெட்டில் என்னும் பெண்மணியிடம் இருந்தது. வளைவின் அருகில் நட்டிருந்த நீரளவுப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்த அவர், உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு அங்குலம் இடிக்குது டெஸ்மண்ட்."

"சரியாப் பாத்தீங்களா?"

"இருபது வருஷமா இதைத்தானே பாக்கறேன்! படகு மேல வந்து நிக்குது, அதைக் கீழ அமுக்கணும். கனமான ஆளுங்க யாராவது இருந்தா ஏத்துங்க."

கூடியிருந்தோர் அனைவரும் ஒருவர் போல ஊர்க் கசாப்புக்காரர் கியூபிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் அவர், இறைச்சி அப்பத்தின் கடைசித் துண்டை விழுங்கியபடி.

"வேற யாரைப் பாக்கறது? இத்தனை வருஷம் தின்னது இன்னிக்காவது ஊருக்கு உதவட்டும், ஏறுய்யா!" என்றார் ஹில்டா.

அவர் ஏறினார். அவரைத் தொடர்ந்து தேநீர்க்கடை அக்காள் தங்கையர் இருவரும், தேவாலயப் பாடகர் நால்வரும் ஏறி, ஹில்டாவோடும் டெஸ்மண்டோடும் ஒன்பதின்மராய், சந்தை வண்டியில் அடைத்த ஆடுகளைப் போல உள்ளறையில் நெருக்கி அமர்ந்தார்கள். மெரியல் முனகிக்கொண்டே தாழ்ந்தாள். சுக்கானருகில் நின்ற நோரீன் மீண்டும் அளந்தார். இன்னும் அரை அங்குலம் குறைந்தது. கரையில் நின்ற யாரையும் ஏற்ற உள்ளே இடமில்லை. ஆறோ இன்னும் அரைமணியில் மறுபடி ஏறத் தொடங்கிவிடும்.

அப்போதுதான் ஹில்டா அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பம்பை நிறுத்து, டெஸ்."

டெஸ்மண்ட் தாக்ஸ்டர் தம் மனைவியைப் பார்த்த பார்வையை, பெற்ற பிள்ளையின் மூச்சை நிறுத்தச் சொன்னவளைப் பார்க்கும் பார்வை என்றுதான் சொல்லவேண்டும்.

"உனக்கென்ன பைத்தியமா? நிறுத்தினா தண்ணி உள்ள வந்துடும்!"

"வரட்டும்னுதான் சொல்றேன். மூணு மாசமா உள்ள வரணும்னு கேக்கற தண்ணிதானே? இன்னிக்கு ஒருநாள் விடு. கனம் ஏறும், கீழ இறங்குவா."

"வளைவுக்குள்ள போய்ச் சிக்கிக்கிட்டா? ஆறு ஏற ஏற, கல்லுக்கு அடியிலேயே நசுங்கிடுவா ஹில்டா!"

"இங்கேயே கட்டி வெச்சா மட்டும் என்ன, பொழச்சுக்குவாளா?"

நோரீன் தொண்டையைக் கனைத்தார். நேரத்தை வீணாக்காத அப்பெண்மணி, சொல்லவேண்டிய ஒன்றை அப்போதே சொல்லிவிடுவது நேர்மை என்று எண்ணினார்.

"அவங்க சொல்றது நடக்கும். ஆனா ஒண்ணு, டெஸ்மண்ட். தண்ணி வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கு. இன்னிக்கு இந்தப் பக்கமிருந்து போனீங்கன்னா, இவ திரும்ப ஏரிக்கு வரமாட்டா. தெரிஞ்சுதான் போகணும்."

நாற்பது கோடைகளை அவ்விருவரும் கழித்த ஏரி அது. அதன் அல்லிகளுக்கிடையே எந்த இடத்தில் நங்கூரம் பிடிக்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் டெஸ்மண்ட். பாடகர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கியூபிட் இருமலை அடக்கினார். பிறகு டெஸ்மண்ட் எழுந்துபோய், இறைப்பானின் விசையை அணைத்தார்.

ஐயோ, அந்த அமைதி! வாரக்கணக்கில் ஓயாமல் கேட்ட ஓசை நின்றதும், பலகைக்கு அடியில் நீர் பாயும் ஒலி எல்லார் செவியிலும் விழுந்தது. டெஸ்மண்ட் ஹில்டாவின் அருகில் வந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலிடுக்கில் வைத்துக்கொண்டார். கைகள் மட்டும் எழுந்தோடப் பார்ப்பன போல இழுத்தன. தரைப்பலகையின் இடுக்குகளில் நீர் கசிந்து, குளமாகி, காலணிகளை நனைத்தது. தேநீர்க்கடைத் தங்கை கிறீச்சிட்டாள். கியூபிட் தம் புதிய காலணிகளை எண்ணிக் கூரையை நோக்கினார். நாற்பதாண்டு தேய்த்துத் தேய்த்து மின்னச்செய்த தரை கண்ணெதிரே நீருக்குள் போவதைப் பார்த்து டெஸ்மண்ட் வாய்விட்டு அழுதார் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, அவருக்கும் வெட்கமிருக்கவில்லை. நீர் கணுக்காலைத் தொட்டதும் நோரீன் எந்திரத்தை முடுக்கினார்.

"தலையைக் குனிங்க! யாரும் அசையக் கூடாது!"

உள்ளறை இருண்டது. சாளரங்களில் ஒளிபோய்க் கல் வந்தது. பாசி படிந்த அந்தக் கல் கைநீட்டினால் தொடுமளவு நெருங்கி நகர்ந்தது. கூரை ஓரிடத்தில் உரசிற்று. அந்தக் கரகர ஓசை தலைக்குமேலே பின்னோக்கி ஊர்ந்து, நடுவளைவில் ஒருகணம் நின்றது. ஒன்பதின்மரும் மூச்சை விடவில்லை. ஹில்டா தம் கணவரின் கையைப் பற்றி, "இறங்குடி, என் செல்லமே, இன்னும் கொஞ்சம் இறங்கு" என்று கூரையைப் பார்த்துக் கெஞ்சினார். மெரியல் இறங்கினாள், உரசல் நின்றது, மாலைவெயில் முன்சாளரத்தின் வழியே எல்லார் முகத்திலும் அடித்தது.

"பம்பைப் போடுங்க!" என்று நோரீன் கத்தியதும் உள்ளிருந்தோர் ஆரவாரித்தார்கள். வாளிகளும் சட்டிகளும் கைமாறின. தேவாலயப் பாடகர்கள் தேவாலயத்தில் சொல்லத்தகாதவற்றைச் சொல்லிக்கொண்டு நீரை முகந்து வீசினார்கள். பட்டறைத் துறையில் ஒவ்வொருவராக இறங்க, இறைப்பான் நீரைக் கக்கக் கக்க, மெரியல் அங்குலம் அங்குலமாக எழுந்து தன் பழைய உயரத்தில் மிதந்தாள். திரும்பிப் போகும் வழி அவளுக்கு அந்தக் கணமே அடைபட்டது. டெஸ்மண்ட் கரையில் நின்று பாலத்தையே பார்த்தார்.

"ஏரி போச்சு ஹில்டா."

"ஏரி எங்கேயும் போகலை, அங்கேயேதான் இருக்கு. நாம ரெண்டு பேரும் நடந்து போய்ப் பாத்துக்கலாம். இவளால நடக்க முடியாதே, பாவம்."

அன்புடையீர், அப்பலகை மாற்றப்பட்டது. அடுத்த கோடையில் மெரியல் ஒரு சொட்டுக் கசிவின்றித் தென்புறத்து ஆறுகளில் உலவினாள், இன்றும் உலவுகிறாள். ஞாயிறுதோறும் தாக்ஸ்டர் இணையர் நாணற்பாதையில் இரண்டு கல் தொலைவு நடந்து, ஏரியின் நீர்விளிம்பில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருகிறார்கள். மெரியலைக் காக்க ஓர் ஏரியைக் கொடுத்தீரே, விலை மிகுதியன்றோ என்று டெஸ்மண்டை ஒருமுறை கேட்டேன். மலிவுதான் என்றார்; சொல்லிவிட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.